ஒரு துண்டு அஞ்சலட்டை: அயர்லாந்தின் மர்ம நாவல்களும் தன்வரலாறுகளும்

1967-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். லண்டனின் வடபகுதியில் இருக்கும் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய புல்வெளியில் ஓர் ஆணின் கருகிய உடல் கிடந்தது. தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டு இறந்தவர். யார் என்று தெரியவில்லை. தேடி வரவும் யாரும் இல்லை. போலீசுக்குக் கிடைத்த ஒரே தடயம் ஓர் அஞ்சலட்டையின் துண்டு. அதில் மிஞ்சியிருந்த சொற்கள் இரண்டு: 'ஸ்கெஃபிங்டன்', 'டப்ளின்'.

எந்த மர்ம நாவலும் இப்படித் தொடங்கலாம். ஆனால் இது நாவல் இல்லை. அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு இறந்தவரின் பெயரைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. பெயர் பீட்டர் டிரெல். ஊர் அயர்லாந்தின் கால்வே மாவட்டம். வயது ஐம்பது. தொழில் தையல். அவர் தன் வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதி வைத்திருந்தார் என்பது வெளியுலகுக்குத் தெரிய அவர் இறந்து 39 ஆண்டுகள் ஆயின!

அயர்லாந்தின் மர்ம நாவல்களையும் தன்வரலாறுகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் வாசகருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபடும். இரண்டும் வேறு வேறு அலமாரிகளில் இருந்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஊருக்கே தெரிந்த ஒன்றை ஏன் யாருமே சொல்லவில்லை? இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல முயன்றவை தன்வரலாறுகள். மர்ம நாவல்கள் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தன. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஊரை விட்டுப் போன மர்மக் கதை

மர்மக் கதை எழுதத் தெரியாதவர்கள் இல்லை அயர்லாந்துக்காரர்கள். பூட்டிய அறைக்குள் கொலை என்ற உத்தியை வைத்து டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு 1838-லேயே ஒரு கதை எழுதிவிட்டார். அந்தக் கதை அயர்லாந்தில்தான் நடக்கிறது. பிற்பாடு அதையே விரித்து 'அங்கிள் சைலஸ்' என்ற நாவலாக்கினார். 1864-ல் அது புத்தகமாக வந்தபோது கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் டெர்பிஷயர்! காரணம் எளிது. அவருடைய லண்டன் பதிப்பாளர் பென்ட்லி, கதை இங்கிலாந்தில், அதுவும் நிகழ்காலத்தில் நடக்க வேண்டும் என்று கேட்டார். அயர்லாந்துக் கொலை விற்காது என்பது அன்றைய சந்தைக் கணக்கு.

ஃப்ரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் 1879-ல் டப்ளினில் பிறந்தவர். அயர்லாந்தின் வடபகுதியில் ரயில்வே பொறியாளராக வேலை பார்த்தவர். ரயில் கால அட்டவணையை வைத்தே கொலைகாரனைப் பிடிக்கும் வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவருடைய முதல் நாவலான 'தி காஸ்க்' (1920) லண்டனிலும் பாரிஸிலும் நடக்கிறது. அவருடைய இன்ஸ்பெக்டர் ஃப்ரெஞ்ச் ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்தவர். வட அயர்லாந்தை வைத்து எழுதிய 'சர் ஜான் மகில்ஸ் லாஸ்ட் ஜர்னி' (1930) போன்றவை விதிவிலக்குகள்.

செசில் டே லூயிஸ் கதையும் இதே மாதிரிதான். லீஷ் மாவட்டத்தில் 1904-ல் பிறந்தவர். பிரிட்டனின் அரசவைக் கவிஞராகவே ஆனவர். நிக்கலஸ் பிளேக் என்ற புனைபெயரில் 1935 முதல் துப்பறியும் நாவல்கள் எழுதினார். அவருடைய துப்பறிவாளர் நைஜல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் அசல் ஆங்கிலேயர். 1968-ல் அந்தப் பெயரில் எழுதிய கடைசி நாவலான 'தி பிரைவேட் வூண்ட்'-க்குத்தான் 1939-ஆம் ஆண்டின் மேற்கு அயர்லாந்துக்கு வந்தார். பிறந்த மண்ணுக்குத் திரும்ப ஒரு வாழ்நாள் தேவைப்பட்டிருக்கிறது.

சந்தை மட்டும் காரணம் இல்லை. துப்பறியும் கதைக்கு ஓர் அடிப்படை நம்பிக்கை வேண்டும். கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஓர் அறையில் கூட்டி வைத்து உண்மையைச் சொல்லிவிட்டால் ஒழுங்கு திரும்பிவிடும் என்ற நம்பிக்கை அது. நூற்றாண்டுகளாக அன்னிய ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் உளவு சொல்பவனைவிடக் கேவலமானவன் கிடையாது. அடுத்தவர் விஷயத்தைத் துருவிக் கேட்பவன் துப்பறிவாளன் இல்லை, காட்டிக்கொடுப்பவன். 1922-ல் சொந்த அரசு வந்த பிறகும் இந்த மனநிலை மாறவில்லை. முன்பு அன்னியரிடம் மறைத்தார்கள், பிறகு தங்களுக்குள்ளேயே மறைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுப்பில் எரிந்த புத்தகம்

1929-ல் அயர்லாந்து அரசு நூல் தணிக்கைச் சட்டம் கொண்டுவந்தது. ஆபாசம் என்று கருதப்பட்ட புத்தகங்களையும், கருத்தடையை ஆதரிக்கும் புத்தகங்களையும் தடை செய்ய ஐந்து பேர் கொண்ட வாரியம் அமைக்கப்பட்டது. இதில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. குற்றச் செய்திகளுக்கு அளவுக்கு மீறி இடம் ஒதுக்கும் பத்திரிகைகளையும் தடை செய்யலாம்! குற்றம் நடப்பதைவிடக் குற்றத்தைப் பற்றிப் படிப்பதுதான் ஆபத்து என்று அரசு நினைத்தது போலிருக்கிறது.

இந்தச் சட்டம் நாவல்களை மட்டும் பதம் பார்க்கவில்லை. கார்க் மாவட்டத்தின் மலைப்பகுதியில் டிம் பக்லி என்ற வயதான தையற்காரரும் அவர் மனைவி ஆன்ஸ்டியும் இருந்தார்கள். மாலை நேரத்தில் அவர்கள் வீட்டில் ஊர் கூடிக் கதை பேசும். எரிக் கிராஸ் என்பவர் அந்தப் பேச்சுகளைத் தொகுத்து 1942-ல் 'தி டெய்லர் அண்ட் ஆன்ஸ்டி' என்ற புத்தகம் வெளியிட்டார். ஆடு மாடு, பிறப்பு இறப்பு, ஆண் பெண் என்று கிராமத்தில் பேசும் பேச்சுதான். வாரியம் தடை செய்தது. அதோடு முடியவில்லை. மூன்று பாதிரியார்கள் அந்தக் கிழவர் வீட்டுக்கே போய், அவர் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகத்தை அவர் கையாலேயே அவர் அடுப்பில் போட வைத்தார்கள். மேலவையில் இது பற்றி விவாதம் நடந்தபோது ஓர் உறுப்பினர் புத்தகத்திலிருந்து சில பகுதிகளை வாசித்துக் காட்டினார். அவை அவைக்குறிப்பிலிருந்தே நீக்கப்பட்டன. தடை 1948-ல் நீங்கியபோது கிழவர் உயிரோடு இல்லை.

இதைவிட நெருக்கமான உதாரணம் ஜான் மக்கஹர்ன். இவர் 'தி டார்க்' என்ற நாவலை 1965-ல் எழுதினார். மகனை அடித்து வதைக்கும் தகப்பனின் கதை. புத்தகம் தடை செய்யப்பட்டது, டப்ளினில் பார்த்து வந்த ஆசிரியர் வேலையும் போனது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 2005-ல் 'மெமோயர்' என்ற பெயரில் தன் வாழ்க்கையை எழுதினார். அப்போதுதான் நாவலில் இருந்த அந்த வீடு எங்கிருந்து வந்தது என்று வாசகர்களுக்குத் தெரிந்தது. மக்கஹர்னின் அப்பா ஒரு போலீஸ் சார்ஜென்ட். அம்மா இறந்த பிறகு பிள்ளைகள் வளர்ந்தது போலீஸ் நிலையக் கட்டடத்திலேயே. அடிப்பவரே போலீஸ் என்றால் புகார் எங்கே கொடுப்பது? அந்த நாட்டில் துப்பறியும் கதை ஏன் முளைக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

லெட்டர்ஃப்ராக்

இப்போது பீட்டர் டிரெல் கதை. 1916-ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயதில் வறுமை காரணமாக லெட்டர்ஃப்ராக் என்ற இடத்தில் இருந்த தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டார். கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நடத்திய பள்ளி அது. பெயர்தான் பள்ளி. ஏழைப் பிள்ளைகளையும் அனாதைகளையும் நீதிமன்ற உத்தரவின் பேரில் அடைத்து வைத்த இடம். பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது. பிள்ளைகள் குறைந்தால் வருமானம் குறையும். மர்மக் கதையில் கொலைக்கான நோக்கம் என்ன என்று தேடுவார்களே, அந்த நோக்கம் இங்கே கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது.

1932 வரை டிரெல் அங்கே இருந்தார். அடி, பசி, பயம். தையல் அங்கேதான் கற்றார். பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். அந்தக் கைதிகள் முகாமே தன் பள்ளியைவிட மேல் என்று அவர் நினைத்தார் என்றால் பள்ளி எப்படி இருந்திருக்கும்!

போருக்குப் பின் இங்கிலாந்தில் தையல் வேலை பார்த்துக்கொண்டே பலருக்கும் கடிதம் எழுதினார். காது கொடுத்தவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன். டிரினிட்டி கல்லூரி சார்பில் மேலவை உறுப்பினராக இருந்தவர், பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை எதிர்த்துப் பேசி வந்தவர். அவர் தூண்டுதலில் 1950-களின் கடைசியில் டிரெல் தன் கதையை முழுதாக எழுதி அவருக்கு அனுப்பினார். புத்தகமாக வரவில்லை.

1967-ல் டிரெல் தீக்குளித்தார். அதே 1967-ல்தான் அயர்லாந்து தணிக்கைச் சட்டத்தைத் தளர்த்தி, ஆபாசம் என்று தடை செய்யப்பட்ட புத்தகங்களுக்கான தடையை 12 ஆண்டுகளுக்கு மட்டும் என்று ஆக்கியது. பள்ளி 1974-ல் மூடப்பட்டது. ஸ்கெஃபிங்டன் இறந்த பிறகு அவருடைய காகிதங்கள் டப்ளின் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டியர்மட் வீலன் கையில் அந்தக் கையெழுத்துப் பிரதி அகப்பட்டது. 'ஃபவுண்டட் ஆன் ஃபியர்' என்ற பெயரில் 2006-ல் வெளிவந்தது.

புத்தகத்தில் இலக்கிய அலங்காரம் எதுவும் கிடையாது. யார் அடித்தார், எதனால் அடித்தார், எந்தப் பையனை அடித்தார் என்று வரிசையாகப் போகிறது. போலீஸ் வாக்குமூலம் மாதிரி. நல்லவராக நடந்துகொண்ட சகோதரர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதனாலேயே மற்றதை நம்பத் தோன்றுகிறது.

1996

அயர்லாந்தின் மௌனம் உடைந்த வருடம் எது என்று கேட்டால் 1996-ஐச் சொல்லலாம். அந்த ஒரே வருடத்தில் நடந்தவற்றைப் பாருங்கள்.

பிப்ரவரியில் டப்ளின் கோல்டன்பிரிட்ஜ் அனாதை இல்லத்தில் வளர்ந்த கிறிஸ்டின் பக்லியின் கதையைச் சொல்லும் 'டியர் டாட்டர்' என்ற ஆவணப்படம் தொலைக்காட்சியில் வந்தது. ஜூன் மாதம் குற்றச் செய்தியாளர் வெரோனிகா கெரின் டப்ளின் அருகே சிக்னலில் காரை நிறுத்தியிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் கடைசி மகதலேனா சலவையகம் மூடப்பட்டது. திருமணமாகாமல் கர்ப்பமான பெண்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் என்று பலரையும் சம்பளம் இல்லாமல் துணி துவைக்க வைத்த கன்னியர் மடங்கள் இவை.

அதே வருடம் இரண்டு தன்வரலாறுகள் வந்தன. ஒன்று ஃப்ராங்க் மக்கோர்ட்டின் 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்'. நியூயார்க் பள்ளிகளில் சுமார் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், 66 வயதில் எழுதிய முதல் புத்தகம். லிமரிக் நகரச் சந்துகளில் கழிந்த சிறுவயது, குடிகாரத் தகப்பன், குழந்தையிலேயே இறந்துபோன தங்கை, இரட்டைத் தம்பிகள். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது. லிமரிக்கில் ஒரு பகுதியினர் கொதித்துப் போனார்கள். எங்கள் ஊர் இப்படி இல்லை, மிகைப்படுத்தல், பெற்ற தாயையே அவமானப்படுத்திவிட்டார் என்றெல்லாம் சொன்னார்கள். அதே ஊரின் பல்கலைக்கழகம் 1997-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது!

இன்னொன்று நுவாலா ஓ ஃபேலன் எழுதிய 'ஆர் யூ சம்படி?'. தன் பத்திரிகைக் கட்டுரைகளின் தொகுப்புக்கு ஒரு முன்னுரை எழுத உட்கார்ந்தார், அது ஒரு வாழ்க்கை வரலாறாகவே நீண்டுவிட்டது. பிரபல பத்திரிகையாளரான தகப்பன், குடியில் மூழ்கிய தாய், தனிமை. டெலிவிஷனில் அவர் பேசிய பிறகு கடைகளில் புத்தகம் பறந்தது. முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. மக்கோர்ட் சிரிக்க வைத்துக்கொண்டே அழ வைப்பவர். இவர் சிரிக்க வைப்பதில்லை, தன்னையும் விட்டுவைப்பதில்லை. இரண்டில் எது நிற்கும் என்று கேட்டால், நுவாலாவின் புத்தகத்துக்கு ஒரு படி அதிகம் கொடுக்கலாம்.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் வந்தது. துயரமான பால்யம் விற்கும் என்று பதிப்பாளர்களுக்குப் புரிந்துவிட்டது. 2005-ல் வந்து நன்றாக விற்ற ஒரு புத்தகத்தை, எழுதியவரின் உடன்பிறந்தவர்களே பொய் என்று மறுத்தார்கள். அதில் நஷ்டம் யாருக்கு? உண்மையைச் சொன்னவர்களுக்குத்தான். ஒரு கதை சந்தேகத்துக்கு உள்ளானால் எல்லாக் கதைகளின் மேலும் சந்தேகம் விழும்.

பெயர் இல்லாத குற்றவாளிகள்

1999-ல் பத்திரிகையாளர் மேரி ராஃப்டரி எடுத்த 'ஸ்டேட்ஸ் ஆஃப் ஃபியர்' என்ற தொலைக்காட்சித் தொடர் தொழிற்பள்ளிகளின் வரலாற்றை ஆவணங்களோடு வெளிக்கொண்டு வந்தது. அந்த மே மாதமே பிரதமர் பெர்ட்டி அஹர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் அமைந்து 2009 மே மாதம் ஐந்து தொகுதிகளில் அறிக்கை கொடுத்தது. டிரெல் போன்றவர்கள் சொன்னது உண்மை என்று அரசே ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆனால் மர்ம நாவல் வாசகர் ஒருவர் அந்த அறிக்கையைப் படித்தால் திகைத்துப்போவார். குற்றம் இருக்கிறது, இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, குற்றவாளியின் பெயர் மட்டும் இல்லை! கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நீதிமன்றம் போனதையடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்று ஆணையம் 2004-ல் முடிவெடுத்தது. எல்லாருக்கும் மாற்றுப் பெயர்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே. சொந்தப் பெயரில் புத்தகமே வந்துவிட்ட டிரெலும் அதில் வேறொரு பெயரில்தான் வருகிறார். மறுபடியும் அடையாளம் இழந்தார்.

இன்னொன்றும் உண்டு. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு பெற்றவர்கள், தங்கள் இழப்பீட்டு விண்ணப்பத்தையும் கிடைத்த தொகையையும் பற்றிய விவரங்களை அடையாளம் தெரியும்படி வெளியிடுவது குற்றம். 15,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த இழப்பீட்டைப் பெற்றார்கள். சொல்லாதே என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, சொன்னதற்குப் பரிசாகக் கிடைத்ததும் ஒரு சொல்லாதே!

மர்ம நாவல் வீடு திரும்பியது

இந்தச் சூழலில்தான் அயர்லாந்தின் மர்ம நாவல்கள் அயர்லாந்துக்கே திரும்பி வந்தன. மூன்று பேரைக் குறிப்பிட வேண்டும்.

முதலாமவர் கால்வேயின் கென் புரூவன். 'தி கார்ட்ஸ்' (2001) நாவலில் வரும் ஜாக் டெய்லர், அரசியல்வாதி ஒருவரின் முகத்தில் குத்தி போலீஸ் வேலையை இழந்த குடிகாரர். மூன்றாவது நாவலான 'தி மகதலன் மார்ட்டர்ஸ்' (2003) சலவையகங்களைத் தொடுகிறது. ஒற்றை வரிப் பத்திகள், வேகம், கோபம். துப்பறிவது என்னவோ சுமார்தான். ஆனால் ஊரின் குற்ற உணர்ச்சி முழுவதும் ஒரு குடிகாரனின் தலைவலியாக மாறி வருவது புதிது.

இரண்டாமவர் ஜான் பான்வில். 2005-ல் புக்கர் பரிசு வாங்கியவர், அடுத்த ஆண்டே பெஞ்சமின் பிளாக் என்ற பெயரில் 'கிறிஸ்டின் ஃபால்ஸ்' என்ற மர்ம நாவலோடு வந்தார். 1950-களின் டப்ளின். பிணக்கிடங்கு மருத்துவர் குவர்க் ஓர் இரவில் தன் மைத்துனர் ஒரு பெண்ணின் இறப்புப் பதிவைத் திருத்துவதைப் பார்த்துவிடுகிறார். குவர்க் சிறுவயதில் தொழிற்பள்ளியில் இருந்தவர். குற்றத்தைத் தேடிப் போகும் பாதை அவர் குடும்பத்துக்குள்ளேயே போகிறது, குழந்தைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் கதை வெளிவருகிறது. இது கற்பனை இல்லை. திருமணமாகாத தாய்மாரின் குழந்தைகள் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படித் தத்துக் கொடுக்கப்பட்டது வரலாறு. டிரெல் புத்தகம் வந்த அதே 2006-ல் இந்த நாவலும் வந்தது என்பது கவனிக்க வேண்டியது.

மூன்றாமவர் டானா ஃப்ரெஞ்ச். 'இன் த வுட்ஸ்' (2007). 1984-ல் மூன்று குழந்தைகள் காட்டுக்குள் போகிறார்கள், ஒருவன் மட்டும் திரும்புகிறான், அவனுக்கு எதுவும் நினைவில் இல்லை. பெரியவனானதும் பெயரை மாற்றிக்கொண்டு போலீஸ் துப்பறிவாளனாகி, அதே இடத்தில் நடந்த கொலையை விசாரிக்க வருகிறான். புதிய கொலைக்கு விடை கிடைக்கிறது, பழைய மர்மத்துக்கு இல்லை. பல வாசகர்கள் புத்தகத்தைத் தூக்கி எறியாத குறை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் நேர்மையான முடிவு. தன்வரலாறு எழுத முடியாத ஒருவன் துப்பறிவாளன் ஆனால் என்ன ஆகும் என்பதுதான் அந்த நாவல்.

இந்த அலைக்கும் குறை இருக்கிறது. சலவையகமும் பாதிரியாரும் வந்துவிட்டால் போதும், கதை கனமாகிவிடும் என்ற நினைப்பு பிறகு வந்த சில நாவல்களில் தெரிகிறது. கெட்டவர்கள் எல்லாம் அங்கி போட்டவர்கள் என்றால் விஷயம் மிக எளிதாகிவிடும். குழந்தையை அழைத்துப் போன போலீஸ், உத்தரவு போட்ட நீதிபதி, பணம் கொடுத்த அரசு, கர்ப்பமான மகளைக் கொண்டுபோய் விட்ட தகப்பன் ஆகியோர் தப்பித்துவிடுவார்கள். நல்ல தன்வரலாறுகள் அவர்களைத் தப்பவிடுவதில்லை. டிரெலும் மக்கஹர்னும் மர்ம நாவலாசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இதுதான்.

அந்த நாட்டின் பெரிய துப்பறிவாளர் யார் என்று கேட்டால், அவர் எந்த நாவலிலும் இல்லை. கால்வே மாவட்டத்தின் டூவாம் ஊரைச் சேர்ந்த உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கோர்லெஸ். 1925 முதல் 1961 வரை அங்கே இயங்கிய தாய்-சேய் இல்லத்தில் இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களைத் தேடிச் சேகரித்தார். மொத்தம் 796 குழந்தைகள். புதைத்ததற்கான பதிவுகள் இல்லை. 2014-ல் இந்தச் செய்தி உலகமெங்கும் போனது. 2017-ல் அந்த நிலத்தடியில் எலும்புகள் இருப்பது உறுதியானது. 2025 ஜூலையில் முழு அகழ்வு தொடங்கியது. குழந்தைகளுக்குப் பெயர் திருப்பித் தரும் வேலை அது.

ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் போலீசார் செய்ததும் அதே வேலைதான். ஒரு துண்டு அட்டையிலிருந்து ஒரு மனிதனின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெயரோடு கோப்பு முடிந்தது. மீதியை டிரெல் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், படிக்கத்தான் யாரும் இல்லை.